27 ஆண்டுகளில் தீர்ந்துபோன கடல் பசு

"இப்போ நிறைய வந்துடுச்சுண்ணே, இனி கவலையே இல்ல." மல்லிப்பட்டினத்தில் ஒரு டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சொன்னது இது. அவர் கைப்பேசியில் யாரோ டிரோன் விட்டு எடுத்த ஒரு சின்ன வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாக் விரிகுடாவின் ஆழமில்லாத பச்சைத் தண்ணீர். அடியில் கடல்புல் திட்டுத்திட்டாகக் கருத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே, கடல்புல் மேயும் பாலூட்டியான ஆவுளியாவின் (டுகாங்) கூட்டம் ஒன்று அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தாயின் முதுகோடு ஒட்டியபடி ஒரு குட்டி. தாய் மூச்சு விட மேலே வந்தால் குட்டியும் வருகிறது, தாய் இறங்கினால் அதுவும் இறங்குகிறது. பெரிய ஆவுளியா மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரும். அத்தனை பெரிய உடம்பு அவ்வளவு மென்மையாகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்க மறந்துபோனேன். அந்தத் தம்பியின் முகத்திலும் பெருமை. தன் ஊர்க் கடலில் இப்படி ஒன்று இருக்கிறது என்கிற பெருமை. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியம் ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை வேறொரு கரையில் நின்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியதும் ஆவுளியாவின் நெருங்கிய சொந்தமான ஒரு விலங்கைப் பற்றித்தான். உலகத்திலேயே அந்த விலங்கை உயிரோடு பார்த்து ஆராய்ந்த ஒரே அறிஞர் அவர். அவரைவிட நன்றாக அதைக் கவனித்தவர் யாரும் இல்லை, இனி இருக்கவும் முடியாது. அவரே "நிறைய இருக்கிறது" என்று எழுதினார். அவர் அந்தத் தீவில் கரை ஒதுங்கியதிலிருந்து 27 ஆண்டுகளில் அந்த விலங்கு உலகத்திலேயே இல்லை.

பெரிங் தீவு, 1741

ஜெர்மனியில் பிறந்த கியார்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர் ரஷ்யாவுக்காக வேலை பார்த்த இயற்கை ஆய்வாளர். தளபதி விட்டஸ் பெரிங்கின் கப்பலில் அலாஸ்கா வரை போய்விட்டுத் திரும்பும் வழியில், 1741 நவம்பரில், கம்சட்காவுக்குக் கிழக்கே ஆளில்லாத, மரமில்லாத ஒரு தீவில் அவர்கள் ஒதுங்கினார்கள். கப்பல் உடைந்தது. ஆட்களில் பாதிப்பேர் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். செத்தவர்களைப் புதைப்பதற்குள் நரிகள் வந்து கடித்தன. டிசம்பரில் பெரிங்கும் அங்கேயே இறந்துபோனார். தீவுக்கு அவர் பெயர்தான் இன்று இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தைக் கடல் நீர்நாய்களையும் சீல்களையும் அடித்துத் தின்றுதான் மற்றவர்கள் ஓட்டினார்கள்.

கரையோரத் தண்ணீரில் எந்நேரமும் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள் போல முதுகுகள் தெரிந்துகொண்டே இருந்தன. அவைதான் கடல் பசுக்கள். இன்று ஸ்டெல்லரின் கடல் பசு என்று சொல்கிறோம். ஏழெட்டு மீட்டர் நீளம், பல டன் எடை. நம் ஆவுளியாவைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம். வாயில் பல்லே கிடையாது, பல்லுக்குப் பதில் கொம்புபோல் கடினமான தகடுகள். கெல்ப் எனும் நெடிய கடற்பாசிதான் உணவு. முழுதாக மூழ்க அவற்றால் முடியவில்லை என்று ஸ்டெல்லர் எழுதுகிறார். தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டே இருக்கும், முதுகு வெளியே தெரியும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கைத் தூக்கிக் குதிரை கனைப்பது போல ஒரு மூச்சு. தோல் முதிர்ந்த ஓக் மரத்தின் பட்டை மாதிரி கறுத்துத் தடித்திருக்கும், அதில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்னக் கடல் காகங்கள் முதுகில் வந்து உட்காரும். குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி நின்று மேயும். மனிதரைக் கண்டு பயமே கிடையாது. கையால் தொடும் தூரத்துக்கு வரும்.

1742 கோடையில்தான் அவற்றைப் பிடிக்க வழி கண்டார்கள். ஒரு பெரிய இரும்புக் கொக்கி, அதில் கட்டிய வடம், வடத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் முப்பது பேர். படகில் போகிறவர் கொக்கியைப் பாய்ச்சுவார், கரையில் இருப்பவர்கள் இழுப்பார்கள். ஸ்டெல்லர் இதை ஒளிவுமறைவு இல்லாமல் விவரிக்கிறார். ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றவை ஓடிப்போகவில்லை. சில படகைக் கவிழ்க்கப் பார்த்தன, சில வடத்தின் மேல் ஏறி அழுத்தின, சில வாலால் அடித்துக் கொக்கியைக் கழற்றப் பார்த்தன. ஒரு பெண் விலங்கைக் கரைக்கு இழுத்துப் போட்டபோது அதன் துணை கூடவே கரை வரை வந்தது. அடி வாங்கியும் போகவில்லை. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் ஸ்டெல்லர் குடலை ஆராயத் தனியாகப் போனபோதும் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

இதை எழுதியவரேதான் அந்த இறைச்சியைச் சாப்பிட்டவரும். குட்டியின் கறி இளங்கன்றின் கறி மாதிரி என்கிறார், கொழுப்பு பாதாம் எண்ணெய் போல மணக்கிறது, வெயிலில் கிடந்தாலும் கெடவில்லை என்கிறார். ஜூலையில் ஒரு பெண் விலங்கை அவர் அறுத்து ஆராய்ந்தார். உதவிக்கு வந்த மாலுமிகளுக்குப் புகையிலை கூலி. அவர் அளந்துகொண்டிருக்கும்போதே நரிகள் வந்து காகிதத்தையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டு ஓடின. உள்ளே இருந்த இரைப்பை பாசியால் புடைத்து, நாலு திடமான ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் பெரும்பாடுபட்டுத்தான் கொஞ்சம் நகர்ந்தது. அவருடைய குறிப்புகளில்தான் அந்த விலங்கைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த எல்லாமே எழுதப்பட்டது. மற்றவையெல்லாம் எலும்பிலிருந்து ஊகித்தவை. 1751-ல் அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தபோது ஸ்டெல்லர் உயிரோடு இல்லை. 1746-ல், 37 வயதில், சைபீரியாவில் இறந்துவிட்டார்.

பட்டினியில் கிடந்தவர்கள் கொன்று தின்றார்கள் என்பதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கறிதான் அவர்களை நடக்க வைத்தது, உடைந்த கப்பலின் பலகைகளைக் கொண்டு ஒரு சின்னப் படகைக் கட்டி ஆகஸ்டில் கம்சட்கா திரும்ப வைத்தது. என்னை உறுத்துவது வேறு ஓர் இடம். இந்த விலங்குகள் எல்லாப் பருவத்திலும் தீவைச் சுற்றி ஏராளமாக இருக்கின்றன, கம்சட்காவின் கிழக்குக் கரை மக்கள் எல்லோருக்கும் எப்போதும் தேவைக்கு மேலேயே கறியும் கொழுப்பும் இதிலிருந்து கிடைக்கும் என்று அவர் எழுதுகிறார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். திரும்பிய பக்கமெல்லாம் முதுகுகள்.

அவர் நின்றது அந்த விலங்கின் கடைசி வீட்டில் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து கலிஃபோர்னியா வரை வட பசிபிக் கரை நெடுகிலும் அவை மேய்ந்திருக்கின்றன என்று பிற்காலத்தில் கிடைத்த எலும்புகள் சொல்கின்றன. மற்ற இடமெல்லாம் போய், ஆள் நடமாட்டம் இல்லாத இரண்டு தீவுகளைச் சுற்றி மட்டும் மிச்சம் இருந்தன. 1880-களில் அதே தீவுக்குப் போன லெயோன்ஹார்ட் ஸ்டெய்னெகர் போட்ட கணக்கின்படி, ஸ்டெல்லர் பார்த்த நாளில் மொத்தமே 1,500-க்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஒரு தீவின் கரையில் அடர்ந்து நின்றால் 1,500 எவ்வளவு பெரிய எண்ணாகத் தெரியும்!

1755-ல் கொடுத்த மனு

தப்பித்து வந்தவர்கள் கையோடு கடல் நீர்நாய்த் தோல்களையும் கொண்டுவந்தார்கள். அதற்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. அவ்வளவுதான், 1743-லிருந்தே வேட்டைக்காரர்கள் கப்பல் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கடல் பசு குறி இல்லை. அது வழிச்சோறு. குளிர்காலத்தைப் பெரிங் தீவில் கழிப்பது, கடல் பசுவை அடித்துக் கறியை உப்புப் போட்டு ஏற்றிக்கொள்வது, அப்புறம் கிழக்கே தோல் தேடிப் போவது. முப்பது பேர் வடம் பிடித்த முறை போய், ஒருவர் இருவராக ஈட்டியால் குத்திவிட்டு, செத்து ஒதுங்கட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். குத்துப்பட்டவற்றில் பல கரை ஒதுங்காமல் கடலிலேயே செத்தன. தின்றதைவிட வீணானது அதிகம். தாங்கக்கூடிய அளவைவிட ஏழு மடங்குக்கு மேல் வேட்டை நடந்திருக்கும் என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்தக் கதையில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. பீட்டர் யாகோவ்லெவ் என்று ஒரு சுரங்கப் பொறியாளர். பக்கத்திலுள்ள மெட்னி தீவில் செம்பு இருக்கிறதா என்று பார்க்க 1754-ல் அனுப்பப்பட்டவர். விலங்குகளுக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. மெட்னியில் கடல் பசு தீர்ந்துவிட்டது என்பது அவர் கண்ணில் பட்டது. பெரிங் தீவில் நடக்கும் வேட்டையையும், எவ்வளவு வீணாகிறது என்பதையும் பார்த்தார். திரும்பி வந்து, 1755-ல், கம்சட்கா அதிகாரிகளிடம் ஒரு மனு கொடுத்தார். பெரிங் தீவும் மெட்னி போல ஆகிவிடும், இந்த வேட்டைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று.

அந்த மனுவினால் ஒன்றும் நடக்கவில்லை. கடைசிக் கடல் பசு கொல்லப்பட்டதாகப் பதிவானது 1768-ல். அதாவது மனு கொடுத்த பிறகும் 13 ஆண்டுகள் அவகாசம் இருந்தது.

யாகோவ்லெவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, ஓர் உயிரினம் அழிந்ததைப் பற்றி "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் ஸ்டெல்லரைப்போல அறிஞர் இல்லை, அந்த விலங்கின் இரைப்பையை அளந்தவர் இல்லை. ஒரு தீவில் இல்லாமல் போனதைப் பார்த்தார், அடுத்த தீவைப் பற்றி யோசித்தார். அவ்வளவே. ஏராளமாக நிற்கும் கரையை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாதது, காலியான கரையையும் பார்த்தவருக்குத் தெரிந்தது. எனக்கு ஸ்டெல்லரின் எழுத்து பிடிக்கும். ஆனால் இந்த இருவரில் யார் மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டால், யாகோவ்லெவ் மாதிரிதான் என்பேன்.

காலியான கரைகள்

சரி, ஆவுளியாவுக்குக் காலியான கரை எங்கே இருக்கிறது? நிறைய இடத்தில். மொரீஷியஸ் கடலில் இருந்தது, இப்போது இல்லை. தைவானிலும் இல்லை. சீனாவில் 1988-லிருந்தே முதல் நிலைப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், சட்டத்தில் குறையே சொல்ல முடியாது. 2022-ல் வந்த ஆய்வு ஒன்றுக்காக அங்கே நாலு மாகாணங்களில் 788 மீனவர்களிடம் பேசினார்கள். கடந்த ஐந்தாண்டுக்குள் ஆவுளியாவைப் பார்த்தோம் என்று சொன்னவர்கள் மூன்றே பேர். அந்தக் கடலில் இனி அது இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

நம் கடலிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு முதல் அட்டவணை இடம், அதாவது உச்சப் பாதுகாப்பு, உண்டு. அதற்கு முன்பு அது கறிதான். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் ஆவுளியாவைப் பற்றிக் கேட்டபோது, அவர் தயங்காமல் பேசினார். "ஆட்டுக்கறி மாட்டுக்கறியெல்லாம் அதுகிட்ட நிக்க முடியாது தம்பி. ஒண்ணு மாட்டுச்சுன்னா தெருவுக்கே கறி. அப்பல்லாம் தப்புன்னு யாரும் சொல்லல." சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "வலையைத் தூக்கையில குட்டி அம்மாவை விட்டுப் போகாது. அதைப் பாத்தவன் அன்னைக்குச் சோறு திங்க மாட்டான்." ருசியைச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. ஸ்டெல்லரின் பக்கங்களில் எனக்குப் புரியாமல் இருந்தது அவர் பேசியதைக் கேட்டபோதுதான் புரிந்தது. தின்றவர்களும் பார்த்திருக்கிறார்கள், பார்த்ததை மறக்கவும் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு ஆவுளியாவை யாராலும் காப்பாற்ற முடியாது.

மண்டபத்தில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1959-லிருந்து ஒரு ஜோடி ஆவுளியாவை வைத்துப் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். அவற்றுக்குத் தினமும் கடலிலிருந்து புல் அறுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அது லேசான வேலை இல்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தின்கிற விலங்கு அது. அதுவும் வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்துபோன பாதை அடிமணலில் கோடு கோடாகக் கிடக்கும். கொஞ்ச நாளில் அந்தக் கோட்டில் இளம் புல் முளைக்கும், திரும்ப வந்து அதை மேயும். இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்வது இதே புல்வெளியில்தான். அதனால்தான், இழுவை மடி போட்ட விசைப்படகு கரையை ஒட்டி ஓடினால் ஆவுளியாவுக்கு வயிற்றெரிச்சலோ இல்லையோ, நாட்டுப்படகுக்காரருக்கு உண்டு. மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று 1983-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தக் கோடு யாருக்கும் தெரியாத கோடு இல்லை.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதற்கென்றே அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. இந்தியக் கடல்களில் இருநூற்றுச் சொச்சம் ஆவுளியாக்கள்தான் இருக்கும், அவற்றில் பெரும்பகுதி நம் பக்கம் என்பது வனத்துறையும் ஆய்வாளர்களும் சொல்லும் மதிப்பு. டீக்கடைத் தம்பியின் வீடியோவில் தெரிந்த கூட்டத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து ஒன்றாக நின்றால் கடல் நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும். பெரிங் தீவிலும் அப்படித்தான் இருந்தது.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆவுளியா எழுபது வயது வரை வாழும். ஆனால் பெண் தாயாகப் பத்து வயதுக்கு மேலும் ஆகலாம். சினை ஒரு வருடத்துக்கு மேல். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது. இருநூறு இருந்தால் ஆண்டுக்குப் பத்து. அதில் வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகிறவற்றைக் கழிக்க வேண்டும். வருஷத்துக்கு நாலைந்து தாய்கள் திருக்கை வலையில் போனால், பாதுகாப்பகம் என்று எவ்வளவு பெரிய பலகை வைத்தாலும் எண்ணிக்கை ஏறாது. இந்தப் பக்கம் மட்டும் பார்த்தாலும் போதாது. அவை எல்லைக் கோடு தெரியாமல் இலங்கையின் மன்னார்ப் பக்கமும் போய்வருகிறவை. அங்கே வெடி வைத்து மீன் பிடிப்பது நிற்காவிட்டால் இங்கே செய்வதில் பாதி வீண்.

ஆக, எல்லாம் போய் நிற்பது வலையில். வலையில் ஆவுளியா உயிரோடு சிக்கியிருப்பதை இருட்டில் கண்டுபிடித்து, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கத்தியை எடுத்துத் தன் வலையைத் தானே அறுக்கிற மீனவர்தான் இந்தக் கதையில் இப்போது எல்லாமே. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் கரைகளில் அப்படி அறுத்துவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பாராட்டிப் பரிசுத் தொகை கொடுக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு ஆவுளியா பெயரில் கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அறுந்த வலைக்கான காசு எப்போது வரும் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் கிடைப்பதில்லை. ஒருவர் சொன்னார்: வலை அறுத்தது சோழகக் (தென்காற்று) காலத்தில், பணம் கைக்கு வந்தபோது வாடை (வடகாற்று) முடிந்துவிட்டது, நடுவில் கடன் வாங்கிப் புது வலை போட்டேன். "பரிசெல்லாம் வேண்டாம்ணே. மறுநாள் கடலுக்குப் போக வலை இருந்தாப் போதும். அடுத்த தடவை மாட்டுனாலும் அறுப்பேன். ஆனா எல்லாரும் அறுப்பாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

இதை ஒரு மனுவாகவே எழுதிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அறுத்த வலைக்கு ஒரு வாரத்துக்குள் வலையாகவே கொடுங்கள், அதற்கென ஒவ்வொரு துறைமுகத்திலும் கொஞ்சம் வலையும் கயிறும் மிதவையும் இருப்பு வையுங்கள், மூன்று மைல் கோட்டை இரவிலும் காவல் காருங்கள் என்று மூன்றே கோரிக்கை. அந்தக் கரையில் மீன்பிடி சங்கங்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால், நீங்களும் உங்கள் பெயரில் ஒன்று அனுப்புங்கள். உங்கள் பக்கம் எந்த மாதத்தில் எந்த வலையில் ஆவுளியா அதிகம் சிக்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது உங்களுக்குத்தான் தெரியும்.